பள்ளி மாணவர்களை மனித உரிமைச் செயற்பாட்டாளர்களாகப் பயிற்றுவிப்பது எப்படி?

மனித உரிமைகள் நாளான டிசம்பர் 10 அன்று பேச்சுப்போட்டி நடத்தி, சுவரொட்டி வரையச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் மாணவர்களுக்கு உரிமைகளின் பெயர்கள் தெரிந்திருக்கும். மறுநாள் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு ஓர் அநியாயம் நடந்தால் யாரிடம் போவது, எதைக் கொண்டு போவது, என்ன கேட்பது என்று தெரிந்திருக்காது. பயிற்சி தரவேண்டியது இந்த இரண்டாவது அறிவை. கைக்கு அடங்கும் ஓர் உண்மையான பிரச்சினையை மாணவர்களே எடுத்து, ஆதாரம் திரட்டி, பொறுப்பில் இருப்பவரிடம் கோரிக்கை வைத்து, பதில் வரும்வரை விடாமல் பின்தொடரும்போதுதான் அது வரும். ஒரு கல்வியாண்டில் இப்படி ஒன்றை முழுதாக முடித்த மாணவர், பல பிரச்சினைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பர் 19 அன்று ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் கல்வி, பயிற்சிப் பிரகடனம் இந்தக் கல்விக்கு மூன்று முகங்கள் உண்டு என்கிறது: உரிமைகளைப் பற்றிக் கற்பது, உரிமைகளை மதிக்கும் முறையில் கற்பது, உரிமைகளுக்காகச் செயல்படக் கற்பது. பெரும்பாலான பள்ளிகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதை மறப்பவர்களும் அதிகம். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே கை தூக்கிய மாணவரை உட்காரச் சொன்னால், அந்தப் பாடத்தில் மாணவர்கள் கற்றது உட்காருவதை மட்டும்தான்.

இங்கே சொல்லும் முறை 14 முதல் 17 வயது வரையுள்ள 15 முதல் 24 மாணவர்களுக்கு, வாரம் ஒரு 90 நிமிட அமர்வாக 16 வாரங்களுக்கு ஏற்றது. 24-ஐத் தாண்டினால் பேசாமல் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். 15-க்குக் கீழே போனால், தேர்வுக் காலத்தில் நான்கு பேர் வராதபோது வேலை நின்றுவிடும்.

முதல் அமர்வுக்கு முன்

பள்ளித் தலைமையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "மனித உரிமை மன்றம் நடத்த அனுமதி" என்று மட்டும் எழுதி வாங்கினால் பின்னால் சிக்கல் வரும். மாணவர்கள் பள்ளியின் சொந்த நடைமுறைகளையும் ஆராயலாமா, பள்ளிக்கு வெளியே உள்ள அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதலாமா, அந்தக் கடிதத்தில் பள்ளியின் பெயர் இடம்பெறலாமா என்ற மூன்றுக்கும் அதிலேயே பதில் இருக்கவேண்டும். மூன்றாவது மாதத்தில் மாணவர்கள் கழிப்பறையை அளந்துகொண்டிருக்கும்போது "இதற்கு யார் அனுமதித்தது?" என்ற கேள்வி வந்தால், பதில் கையில் இருக்கும்.

பெற்றோரின் சம்மதமும் மாணவரின் சம்மதமும் தனித்தனித் தாளில் இருக்கட்டும். அப்பா கையெழுத்துப் போட்டார் என்பதற்காக விருப்பமில்லாமல் வந்து உட்காரும் மாணவரும் உண்டு. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரி மாணவரின் தாளில் கட்டாயம்.

பயிற்றுநர் அல்லாத ஒரு பெரியவரைக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்து, அவர் பெயரை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லுங்கள். உரிமைகளைப் பற்றிப் பேசும் அறையில், தனக்கு நடந்த கொடுமையை யாரேனும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம். அப்போது பயிற்றுநர் செய்யவேண்டியது: அமைதியாகக் கேட்பது, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, துருவிக் கேட்காமல் இருப்பது, மாணவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுப்பது. உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் வேலை உங்களுடையது அல்ல. நல்லெண்ணத்தோடு நீங்கள் கேட்கும் பத்துக் கேள்விகள், பின்னால் முறைப்படி நடக்கும் விசாரணையைக் கெடுத்துவிடலாம்.

ஆபத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். எந்தத் தலைப்பை எடுத்தால் யார் கோபப்படுவார், அவரால் மாணவருக்கோ குடும்பத்துக்கோ என்ன செய்யமுடியும் என்று எழுதிப் பாருங்கள். மதிப்பெண், நடத்தைச் சான்றிதழ், விடுதி இடம், பெற்றோரின் வேலை என்று பாதிப்பு வரக்கூடிய வழிகள் பல. கேள்வி கேட்பதே ஆபத்தான சூழலில் வேலையைப் பள்ளிச் சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தனிப்பெயர்களைத் தவிர்த்து மன்றத்தின் பெயரில் மட்டும் எழுதுங்கள்.

யாரைச் சேர்ப்பது

நன்றாகப் பேசுபவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. விவாத மேடையில் பரிசு வாங்கியவர்களுக்கு வெல்லும் பழக்கம் இருக்கும். கேட்கும் பழக்கம் இருக்கவேண்டும் என்பதில்லை. செயற்பாட்டுக் குழுவுக்குப் பேச்சாளர் இருவர் போதும். கணக்கில் கவனமானவர், படம் வரைபவர், எல்லாத் தாளையும் ஒழுங்காக அடுக்கி வைப்பவர், பலரோடும் பழகுபவர் ஆகியோர்தான் வேலையை நகர்த்துவார்கள்.

எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக ஒரே கேள்வியை வையுங்கள்: "நம் பள்ளியில் எது நியாயமாக இல்லை?" பதிலை அரைப் பக்கம் எழுதித் தரலாம், குரல்பதிவாகத் தரலாம், வரைந்தும் தரலாம். மதிப்பெண்ணைப் பார்க்கவேண்டாம். மாற்றுத்திறன் உள்ளவர்கள், பெரும்பான்மையினர் பேசாத மொழியை வீட்டில் பேசுபவர்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். அமர்வைப் பள்ளி விட்டபிறகு வைத்தால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவரும் வேலைக்குப் போகும் மாணவரும் தாமாகவே விடுபட்டுப்போவார்கள். பள்ளி நேரத்துக்குள் ஒரு பாடவேளையை வாங்குவதற்குப் போராடுவது வீண்போகாது.

1 முதல் 4 வாரம்: உரிமையைப் பிரித்துப் பார்த்தல்

1948-இல் பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் 30 உறுப்புகள் (அதாவது பிரிவுகள்) உள்ளன. 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. இந்த வரலாற்றுக்கு முதல் அமர்வில் 15 நிமிடம் போதும். முப்பதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவேண்டாம். அதைவிட முக்கியமாகப் புரியவேண்டியது, பிரகடனம் வேறு, ஒப்பந்தம் வேறு என்பது. பிரகடனம் ஓர் அறைகூவல்; ஒப்பந்தமோ, அதை ஏற்புறுதி செய்த (முறைப்படி ஏற்றுக்கொண்ட) நாட்டைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். 1966-ஆம் ஆண்டின் இரண்டு பன்னாட்டு உடன்படிக்கைகள் (ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு; மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு), 1989 நவம்பர் 20-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 2006-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை ஆகியவை இந்த இரண்டாம் வகை. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 196 தரப்புகள் ஏற்றுள்ளன, ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும் கையெழுத்திட்டு, ஏற்புறுதி செய்யாமல் இருக்கிறது. தங்கள் நாடு எவற்றை ஏற்றது, எந்த உறுப்புக்கு விலக்கு வைத்தது என்று மாணவர்களே தேடி எடுக்கட்டும். அது முதல் வீட்டுப்பாடம்.

18 வயதுக்கு உட்பட்டவர்கள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின்படி பொதுவாகக் குழந்தைகள். அதனால் உங்கள் மாணவர்களுக்கு நேரடியாகக் கைகொடுக்கும் உறுப்புகளை முதலில் எடுங்கள்: 2 பாகுபாடின்மை, 3 குழந்தையின் நலன், 12 தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை, 13 கருத்து வெளிப்பாடு, 15 ஒன்றுகூடுதலும் அமைப்பாகச் சேர்தலும், 16 தனியுரிமை, 19 வன்முறையிலிருந்து பாதுகாப்பு, 28, 29 கல்வி.

இனி ஒவ்வொரு சம்பவத்தையும் நான்கு கேள்விகளால் பிரிக்கப் பழக்குங்கள். யாருடைய உரிமை? எந்த உறுப்பு? யாருக்குக் கடமை? அந்தக் கடமையில் எந்தப் பகுதி தவறியது? கடமைக்கு மூன்று பகுதிகள் உண்டு: தலையிடாமல் மதித்தல், பிறர் மீறாமல் காத்தல், வசதி செய்து நிறைவேற்றல். காரணமே இல்லாமல் ஒரு மாணவியின் கைப்பேசியைத் திறந்து செய்திகளைப் படித்தால், தவறியது மதித்தல். ஒரு மாணவனின் தோல் நிறத்தைச் சொல்லி மற்றவர்கள் மாதக்கணக்கில் கேலி செய்வது தெரிந்தும் பள்ளி சும்மா இருந்தால், காத்தல். சக்கர நாற்காலியில் வருபவர் மாடியிலுள்ள ஆய்வகத்துக்குப் போகவே முடியவில்லை என்றால், நிறைவேற்றல். கோரிக்கை எப்படி அமையவேண்டும் என்பதை இந்தப் பிரிப்புதான் முடிவு செய்யும். முதலாவதில் "நிறுத்துங்கள்" என்று கேட்கவேண்டும், இரண்டாவதில் "தலையிடுங்கள்" என்று, மூன்றாவதில் "செய்து கொடுங்கள்" என்று.

இந்தக் கட்டத்தில் மாணவர்கள் எல்லாவற்றையும் உரிமை மீறல் என்பார்கள். வீட்டுப்பாடம் அதிகம், சீருடை நிறம் பிடிக்கவில்லை என்றெல்லாம் வரும். சிரிக்காதீர்கள். நான்கு கேள்விகளையும் அதன்மேல் ஓடவிடுங்கள். சில புகார்கள் மூன்றாவது கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். சில உதிராது: இரவு 11 மணி வரை எழுதினாலும் தீராத வீட்டுப்பாடம், ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான 31-ஆம் உறுப்பைத் தொடும்.

உரிமைக்கு எல்லை எங்கே என்பதற்கு ஓர் அமர்வை முழுதாக ஒதுக்குங்கள். கட்டுப்பாடு எழுதப்பட்ட விதியில் இருக்கிறதா, நியாயமான ஒரு நோக்கத்துக்கு அது தேவையா, தேவையான அளவை மீறாமல் இருக்கிறதா என்ற மூன்று சோதனைகள் போதும். இதற்கு ஓர் உண்மை வழக்கு பொருத்தமானது. 1965 டிசம்பரில் அமெரிக்காவின் டெ மொயின் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயது மாணவியும் வேறு சிலரும் வியட்நாம் போருக்கு வருந்திக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்தார்கள்; இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டையால் வகுப்பு குலையவில்லை என்பதுதான் தீர்ப்பின் மையம். பட்டை கட்டியவர்கள் வகுப்பில் முழக்கமிட்டிருந்தால்? பள்ளி எல்லா அடையாளங்களையும் தடை செய்திருந்தால்? இப்படிச் சூழலை மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். "இந்தப் பிரிவினருக்குச் சம உரிமை தரலாமா?" என்று விவாதம் வைக்காதீர்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த மாணவர் அறையில் இருப்பார்; வாயைத் திறக்கமாட்டார்; தன் மானம் வாக்கெடுப்புக்கு வந்ததை மறக்கவும் மாட்டார். உரிமையை எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதை மட்டும் விவாதத்துக்கு வையுங்கள்.

இரண்டாவது, சமத்துவமின்மையைக் காட்ட நடத்தும் "ஓரடி முன்னே" விளையாட்டு. எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். "நோய் வந்தால் உடனே மருத்துவரிடம் போகமுடியும்" போன்ற வாக்கியத்தை வாசித்ததும், தனக்குப் பொருந்துபவர் ஓரடி முன்னே வைப்பார். இதை மாணவர்களின் சொந்த வாழ்க்கையை வைத்து நடத்தினால் ஏழை மாணவர் எல்லார் முன்னாலும் பின்வரிசையில் தனியாக நிற்பார். கட்டாயம் கற்பனைப் பாத்திர அட்டைகளைக் கொடுங்கள், தன் வாழ்க்கையைப் போன்ற அட்டை யாருக்கும் போகாமல் பாருங்கள். 12 முதல் 15 வாக்கியங்கள், 20 நிமிடம் போதும். அதன்பின் உட்கார்ந்து பேச 40 நிமிடம் ஒதுக்குங்கள். பேச நேரமில்லாவிட்டால் விளையாட்டையே விட்டுவிடலாம்.

5-ஆம் வாரம்: எதை எடுப்பது

வறுமை, குழந்தைத் தொழில், பாலினப் பாகுபாடு என்று மாணவர்கள் பெரிதாகத் தொடங்குவார்கள். அந்த ஆர்வத்தைக் குறைக்காமல் பிரச்சினையின் அளவைக் குறைக்கவேண்டும். ஓர் இடம், முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர், எட்டு வாரத்துக்குள் "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இந்த மூன்றும் கிடைக்கும்வரை வெட்டுங்கள். "பாலினப் பாகுபாடு" என்பது, "விளையாட்டுத் திடல் மாலையில் பெண்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?" என்று வந்து நிற்கவேண்டும்.

பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, காவல் சித்திரவதை, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு ஆகியவற்றைப் பற்றிப் படிக்கலாம், பேசலாம். மாணவர்கள் களத்தில் இறங்கி விசாரிக்கக் கூடாது. அது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மிஞ்சும் மூன்று நான்கு தலைப்புகளில் ஒன்றை இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். கை தூக்கச் சொன்னால் செல்வாக்குள்ள மாணவரின் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே மற்றக் கைகளும் போகும்.

6 முதல் 9 வாரம்: ஆதாரம்

பயிற்சியின் உயிர் இந்த நான்கு வாரங்களில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, சக்கர நாற்காலியில் வரும் மாணவரிடம் தனியாகப் போய், இதை எடுக்கலாமா என்று கேட்பது. பள்ளியில் அப்படி ஒருவர்தான் என்றால், பெயரை மறைத்தாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே முடிவு அவருடையது. வேண்டாம் என்றால் வேறு தலைப்புக்குப் போகவேண்டும். சரி என்றால் அவரைப் பரிதாபத்துக்குரிய உதாரணமாக்காமல் குழுவில் சேர வருகிறீர்களா என்று கேளுங்கள். எந்தக் கதவு இடிக்கிறது, எந்த வளைவில் திரும்பமுடியாது என்பது அவரளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்து, அளப்பது. படிகள் 20, ஒவ்வொன்றும் 16 செ.மீ. உயரம் என்றால் மொத்த ஏற்றம் 3.2 மீட்டர். மாணவர்கள் உடனே "சாய்தளம் கட்டச் சொல்வோம்" என்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் 1-க்கு 12 சரிவில் (1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம்) கணக்குப் போடச் சொல்லுங்கள்: சாய்தளத்தின் நீளம் 38.4 மீட்டர் வரும். இடையிடையே நின்று செல்லும் சமதளங்கள் தனி. அதற்கு இடமே இருக்காது. அந்தக் கணக்கைக் காகிதத்தில் பார்த்தபிறகு வேறு கேள்விகள் பிறக்கும்: கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயும் மின்இணைப்பும் உள்ள அறை எது? வாரத்தில் எத்தனை செய்முறை வகுப்புகள் மாடியில் நடக்கின்றன? அந்த நேரங்களில் அந்த மாணவர் எங்கே இருக்கிறார்? கால அட்டவணையை நான்கு வாரம் பார்த்து, அவர் இழந்த வகுப்புகளை எண்ணி எழுதினால் அது மறுக்கமுடியாத ஓர் எண். "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்பதற்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம், "16 செய்முறை வகுப்புகளில் 16-ஐயும் இழந்தார்" என்பதற்குச் சொல்லமுடியாது.

ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் குறிப்பு எழுதப் பழக்குங்கள்: நானே பார்த்தது, ஒருவர் தனக்கு நடந்ததாகச் சொன்னது, கேள்விப்பட்டது, என் கருத்து. கடைசி இரண்டும் கடிதத்துக்குள் போகக் கூடாது. தேதி, நேரம், அளந்தவர் பெயர் இல்லாத குறிப்பு குறிப்பே ஆகாது. ஒவ்வோர் அளவையும் இருவர் தனித்தனியே எடுத்து ஒப்பிடவேண்டும். எதிர்த்தரப்பு ஒரே ஓர் அளவில் தவறு கண்டுபிடித்தால் மற்ற அத்தனையும் சேர்ந்து சாயும்.

நேர்காணலுக்கு இருவராகப் போகவேண்டும், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. எதற்காகக் கேட்கிறோம், எங்கே பயன்படும், பெயர் வருமா, பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்ற நான்கையும் முதலில் சொல்லவேண்டும். "என்ன நடந்தது?", "அதன்பிறகு?" என்று திறந்த கேள்விகள். "நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்பது குற்றம் சாட்டும் கேள்வி, அதைத் தடை செய்யுங்கள். பேசுபவர் கலங்கினால் நேர்காணலை நிறுத்தவேண்டும், பதில் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும்.

படங்களில் கவனம். முகத்தை லேசாக மங்கலாக்குவது போதாது. கெட்டியான நிறத்தால் மூடவேண்டும். சீருடை, பையில் எழுதிய பெயர், பின்னால் தெரியும் பலகை ஆகியவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசிப் படக் கோப்பில் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். பகிருமுன் அதை நீக்கக் கற்றுக்கொடுங்கள். பெயர்ப் பட்டியலும் நேர்காணல் குறிப்பும் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும், அவற்றை இணைக்கும் குறியீட்டுத் தாள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போகக் கூடாது.

10, 11-ஆம் வாரம்: கோரிக்கையும் கடிதமும்

யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு வரைபடம் போடுங்கள். நடுவில் கோரிக்கை, சுற்றிலும் சம்பந்தப்பட்டவர்கள். கையெழுத்துப் போட்டால் காரியம் நடந்துவிடும் என்ற நிலையில் இருப்பவர் ஒருவர்தான், கடிதம் அவருக்கு. அவர் யார் பேச்சைக் கேட்பார் என்பது அடுத்த கேள்வி. மிக உயர்ந்த பதவியில் இருப்பவருக்கு எழுதிவிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் முடிவெடுப்பவரைக் கோபப்படுத்துவது மாணவர் குழுக்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

கடிதம் ஒரு பக்கம். யார் நாங்கள் என்று ஒரு வரி. உண்மைகள் நான்கு ஐந்து வரி, எண்களோடு. எந்த உரிமை, எந்த உறுப்பு என்று இரண்டு வரி; நாட்டின் சொந்தச் சட்டமோ பள்ளியின் சொந்த விதியோ பொருந்தினால் அதை முதலிலும் பன்னாட்டு உறுப்பை இரண்டாவதாகவும் வையுங்கள், அதிகாரிக்குப் பக்கத்தில் உள்ளது அதுதான். பிறகு ஒரே கோரிக்கை, ஒரு தேதியோடு: "அடுத்த பருவம் தொடங்கும் நாளிலிருந்து செய்முறை வகுப்புகளைக் கீழ்த்தள அறையில் நடத்தவேண்டும்." கடைசியில், நேரில் பேச 15 நிமிடம் கேட்டு ஒரு வரி. ஐந்து கோரிக்கைகள் வைத்தால் செலவில்லாத ஒன்றைச் செய்துவிட்டு நன்றி எதிர்பார்ப்பார்கள்.

கடிதத்தைப் பயிற்றுநர் எழுதித் தரவேண்டாம், திருத்தி அழகாக்கவும் வேண்டாம். உண்மைப் பிழையும், ஒருவருக்குத் தீங்கு வரக்கூடிய வரியும் மட்டும் உங்கள் கையில். மாணவர்களின் நடை அவர்களுடையதாக இருக்கும்போதுதான் சந்திப்பில் கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியும்.

12-ஆம் வாரம்: நேரில் சந்தித்தல்

நான்கு பேர் போதும்: தொடங்குபவர், எண்களுக்குப் பதில் சொல்பவர், குறிப்பெடுப்பவர், நேரம் பார்த்துக் கோரிக்கையை மறுபடி நினைவூட்டுபவர். பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும். ஓரமாக உட்கார்ந்து, பேசாமல் இருக்கவேண்டும். அதிகாரி அவரைப் பார்த்துப் பேசுவார். "மாணவர்களிடமே கேளுங்கள்" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

முன்னதாகக் குறைந்தது மூன்று ஒத்திகை. அதிகாரியாக நடிப்பவர் மென்மையாக நடிக்கக் கூடாது. நழுவல்கள் நான்கு வகையில் வரும். "பார்க்கலாம்" என்றால், "நன்றிங்க. எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கலாம்? குறித்துக்கொள்கிறோம்" என்று பேனாவைத் திறக்கவேண்டும். "இது என் கையில் இல்லை" என்றால், "யார் கையில் இருக்கிறது, அவருக்கு நீங்கள் ஒரு குறிப்பு அனுப்ப முடியுமா?" "பணம் இல்லை" என்றால், செலவே இல்லாத முதல் படியைக் காட்டவேண்டும், அறை மாற்றத்தைக் கோரிக்கையாக வைத்ததன் பலன் இங்கே கிடைக்கும். "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்ற நான்காவதுதான் மாணவர்களை நிலைகுலைய வைக்கும். கோபமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். "படிப்பதற்காகத்தான் கேட்கிறோம். ஒருவருக்குச் செய்முறைப் படிப்பே கிடைக்கவில்லை" என்று அமைதியாகச் சொல்லி எண்ணைக் காட்டட்டும். வெட்கப்படும் மாணவருக்கு இந்த ஒரு வரியைப் பத்துமுறை சொல்லிப் பார்த்தால் குரல் தானாக நிலைக்கும்.

சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள், பேசியதையும் ஒப்புக்கொண்டதையும் ஐந்து வரியில் எழுதி அவருக்கே அனுப்பவேண்டும். வாய்வார்த்தை இப்படித்தான் ஆவணமாகிறது.

13 முதல் 16 வாரம்: பின்தொடர்தல்

பதில் இல்லையென்றால் 14 நாள் கழித்து ஒரு நினைவூட்டல், மறுபடி 14 நாள் கழித்து இன்னொன்று, பிறகு அடுத்த மேல்நிலைக்கு. மனித உரிமை ஆணையம், குழந்தைகள் ஆணையர் போன்ற சுதந்திர அமைப்பு நாட்டில் இருந்தால் அங்கே புகார் தரும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். ஊடகத்துக்கோ இணையத்துக்கோ போவது கடைசி. போகும் முன் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைப் புதிதாக வாங்கவேண்டும். உள்ளே கேட்பதற்குத் தந்த சம்மதம் ஊரறியப் பேசுவதற்குப் பொருந்தாது.

இந்த வாரங்களில் பார்பரா ஜான்ஸின் போராட்டத்தைப் பாடமாக எடுங்கள். 1951 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஃபார்ம்வில் நகரில், கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியின் நெரிசலையும் தார்க்காகிதக் கொட்டகைகளையும் எதிர்த்து, 16 வயதில் அவர் மாணவர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்கள், இனப்பிரிவினையையே எதிர்த்தால்தான் வழக்கை எடுப்போம் என்றார்கள். அந்த வழக்கு, 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் செல்லாததாக்கிய தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றானது. ஆனால் பாதுகாப்புக்காக பார்பராவை உறவினர் வீட்டுக்கு வேறு மாநிலம் அனுப்பவேண்டி வந்தது. 1959-இல் அந்த மாவட்டம் தீர்ப்பை ஏற்க மறுத்து அரசுப் பள்ளிகளையே ஐந்து ஆண்டுகள் மூடிவைத்தது. வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தாமல் இந்த விலையையும் சொல்லுங்கள். மாணவர்கள் உண்மையைத் தாங்குவார்கள்.

பெரியவர்கள் எங்கே கெடுக்கிறார்கள்

பிள்ளைகளின் பங்கேற்பை ஆய்ந்த ராஜர் ஹார்ட், அதை அளக்க 1992-இல் வரைந்த எட்டுப்படி ஏணியில் கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லாதவை: பிள்ளைகளைக் கருவியாக்குதல், அலங்காரமாக நிறுத்துதல், பெயருக்குச் சேர்த்தல். வாசகம் எழுதிய சட்டையைப் போட்டு மாணவரை விழாவில் நிறுத்துவது இரண்டாவது. பெரியவர்கள் தயாரித்த உரையை மாணவர் வாசிப்பது முதலாவதுக்குப் பக்கத்தில் வரும். குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007-இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பை நான்காகப் பிரித்தார்: பேச இடம், பேச உதவி, கேட்க ஆள், கேட்டதற்கு விளைவு. மாதம் ஒருமுறை இந்த நான்கையும் மாணவர்களிடமே கேட்டு, பெயரில்லாத் தாளில் 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லுங்கள். "விளைவு" இரண்டு மாதம் தொடர்ந்து 2-க்குக் கீழே இருந்தால், பிரச்சினை மாணவர்களிடம் இல்லை. கேட்கவேண்டியவரைக் கூட்டிவரும் உங்கள் பங்கு நடக்கவில்லை.

வெளியே ஒரு நிறுவனம் உங்கள் மாணவர்களை விழாவுக்கு அழைத்தால் மூன்றைக் கேளுங்கள்: என்ன பேசவேண்டும் என்று யார் முடிவு செய்வார், படங்கள் எங்கே போகும், மாணவர்கள் சொன்னதன்மேல் என்ன நடவடிக்கை. தெளிவான பதில் இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

மதிப்பீடு

தேர்வு வைக்கவேண்டாம். முதல் வாரத்தில் ஒரு செய்தித் துணுக்கைக் கொடுத்து "இதில் என்ன செய்வீர்கள்?" என்று 15 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். 16-ஆம் வாரத்தில் அதே துணுக்கு, அதே 15 நிமிடம். "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்று முதலில் எழுதியவர், இப்போது யாரிடம், எந்த ஆதாரத்தோடு, எந்தத் தேதிக்குள் என்ன கேட்பேன் என்று எழுதுகிறாரா என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்டபிறகு என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும் மறுப்பை எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேருங்கள். கோப்பில் கடிதங்கள், அளவுத் தாள்கள், சந்திப்புக் குறிப்புகள், நினைவூட்டல் தேதிகள் எல்லாம் வரிசையாக இருக்கட்டும். நேர்காணல் தாள்களையும் குறியீட்டுத் தாளையும் சம்மதத்தில் சொன்ன காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் புதியவர்களுக்கு முதல் நான்கு வாரத்தை இந்த மாணவர்களே நடத்தட்டும். பயிற்றுநர் பின்வரிசையில் இருக்கட்டும். பதில் வராத கடிதம் ஏதேனும் இருந்தால், புதியவர்கள் அனுப்பும் முதல் நினைவூட்டல் அதற்காகத்தான் இருக்கவேண்டும்.